நாணயக் கணக்கும் நாணயமும்





ஓர் உண்டியலில் இரண்டு ரூபாய் நாணயங்களும் ஐந்து ரூபாய் நாணயங்களும் சேர்ந்து 40 உள்ளன. அவற்றின் மொத்த மதிப்பு 155 ரூபாய். ஒவ்வொரு வகையிலும் எத்தனை நாணயங்கள்? நம் பிள்ளைகளின் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இத்தகைய கணக்கு ஏதேனும் ஒரு வகுப்பில் வந்தே தீரும். பெருக்கலும் வகுத்தலும் நன்றாகச் செய்யும் பிள்ளைகூட இதைப் படித்தவுடன் திகைத்து நின்றுவிடுகிறது. எண்களை எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்பதை வாக்கியம் நேரடியாகச் சொல்வதில்லை என்பதே காரணம்.

கிருமாம்பாக்கம், பாகூர் வட்டாரப் பிள்ளைகள் மாலையில் மத்ரஸாவுக்கு வரும்போது பள்ளிப் பையோடு இந்தத் திகைப்பையும் சுமந்து வருவதை நாம் காண்கிறோம். "பள்ளிக் கணக்கைப் பள்ளியில் பார்த்துக்கொள்ளட்டும், இங்கே தீனை மட்டும் கற்றால் போதும்" என்று பெற்றோர் சிலர் கூறுவதையும் கேட்கிறோம். கணக்கு ஓரிடம், தீன் ஓரிடம் என்னும் இந்தப் பிரிவினையை நம் முன்னோர் அறிந்ததில்லை. நாணயக் கணக்கின் வரலாற்றைப் புரட்டினால் அது ஸகாத்திலும் வாரிசுப் பங்கீட்டிலும் கடைவீதியின் நேர்மையிலும் வேர் ஊன்றி நிற்பதைக் காணலாம். தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். இந்த இரண்டையும் சேர்த்தே இக்கட்டுரையில் சிந்திப்போம்.

நிறுத்துக் கொடுத்த காசு

திருக்குர்ஆனில் காசு பல இடங்களில் பேசப்படுகிறது. குகைத் தோழர்கள் தம்முள் ஒருவரை வெள்ளிக் காசுடன் நகருக்கு அனுப்பித் தூய உணவு வாங்கி வரச் சொன்ன செய்தி அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் உள்ளது. நபி யூஸுஃப் (அலை) அவர்கள் எண்ணிக் கொடுக்கத்தக்க சில திர்ஹம்களுக்கு விற்கப்பட்ட துயரம் அவர்கள் பெயராலான அத்தியாயத்தில் உள்ளது. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே அல்முதஃப்பிஃபீன் என்னும் அத்தியாயம் பெயர் பெற்றுள்ளது. குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியன்று, நோன்பைப் பற்றியுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிந்து வைப்பதைப் பற்றியது. அது அல்பகராவின் 282ஆம் வசனம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் தனி நாணயச் சாலை இருக்கவில்லை. ரோமப் பேரரசின் பொற்காசுகளும் பாரசீகத்தின் வெள்ளிக் காசுகளும் புழங்கின. பொற்காசு தீனார், வெள்ளிக் காசு திர்ஹம். ஒரே பெயருடைய காசுகள் எடையில் வேறுபட்டதால் அவற்றை எண்ணுவதோடு நிறுத்தும் கொடுத்தனர். ஜாபிர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகம் வாங்கிய செய்தி நாம் அறிந்ததே. மதீனா சேர்ந்தபின் விலையை நிறுத்துக் கொடுக்குமாறும், சற்றுக் கூடுதலாகவே கொடுக்குமாறும் பிலால் (ரலி) அவர்களுக்கு நபிகளார் கட்டளையிட்டார்கள்.

எடை வேறுபட்ட காசுகள் கலந்து புழங்கும் ஊரில் ஸகாத்தை எப்படிக் கணக்கிடுவது? 200 திர்ஹம் வெள்ளி இருந்தால் ஸகாத் கடமை என்பது சட்டம். ஆனால் எந்த திர்ஹம்? பழைய வரலாற்று நூல்கள் இதற்கு ஒரு கணக்கைக் கூறுகின்றன. 20 கீராத்து எடையுள்ளது, 12 கீராத்து எடையுள்ளது, 10 கீராத்து எடையுள்ளது என மூவகைப் பாரசீக திர்ஹம்கள் இருந்தன. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துக் கூட்டினால் 42 கீராத்து. அதை மூன்றாகப் பகுத்தால் 14 கீராத்து. அதுவே மார்க்கச் சட்டத்தின் திர்ஹமாக நிலைபெற்றது. தீனாரின் எடை 20 கீராத்து. ஆகவே 10 திர்ஹமின் எடை 7 தீனாரின் எடைக்குச் சமம். இந்த ஏழுக்குப் பத்து என்னும் விகிதத்தை ஃபிக்ஹு நூல்கள் இன்றளவும் கூறுகின்றன. ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் உருவங்கள் இன்றி எழுத்துகள் மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டபோது நாணயத்துக்கு ஒரு நிலையான தரம் ஏற்பட்டது.

பலவகைக் காசுகளைக் கலந்து ஒரு தொகையைக் காணும் கணக்கு, இவ்வாறு வணக்கத்தின் தேவையிலேயே நம்மிடம் தோன்றிவிட்டது.

திர்ஹம் பேசும் அல்ஜீப்ரா

கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) பக்தாதில் வாழ்ந்தவர் முஹம்மது பின் மூஸா அல்குவாரிஸ்மீ. ஏறத்தாழ 820ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. அந்நூல் எதற்காக எழுதப்பட்டது என்பதை ஆசிரியரே முன்னுரையில் தெரிவிக்கிறார். வாரிசுரிமை, மரண சாசனம், பங்கீடு, வழக்கு, வணிகம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்கைத் தருவதே அவர் நோக்கம். நூலின் பெரும்பகுதி மரண சாசனத்துக்கும் பாகப்பிரிவினைக்குமே ஒதுக்கப்பட்டுள்ளது.

அவர் காலத்தில் இன்றுள்ள குறியீடுகள் இல்லை. எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுதினார். தெரியாத ஒன்றைப் 'பொருள்' என்றோ 'வேர்' என்றோ குறித்தார். அதன் வர்க்கத்தை 'மால்', அதாவது செல்வம், என்றார். வெறும் எண்ணை எப்படிக் குறித்தார் தெரியுமா? 'திர்ஹம்' என்றார். ஒரு மாலும் பத்து வேர்களும் சேர்ந்தால் முப்பத்தொன்பது திர்ஹம், வேர் யாது என்பது அவர் தந்த புகழ்பெற்ற கணக்கு. விடை 3. மால் 9, பத்து வேர்கள் 30, ஆக 39. உலகம் போற்றும் அல்ஜீப்ராவின் முதல் பாடமே காசு மொழியில் அமைந்தது. வாக்கியமாகச் சொல்லப்படும் கணக்கைக் கண்டு அஞ்சும் நம் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும். அல்ஜீப்ரா பிறந்தபோது வாக்கியக் கணக்கைத் தவிர வேறு கணக்கே இல்லை.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலில் கணிதத்தை ஃபர்ளு கிஃபாயாவாக எண்ணுகிறார்கள். கொடுக்கல் வாங்கலுக்கும் மரண சாசனத்துக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் அது தேவை என்பதே அவர்கள் காட்டும் காரணம். ஊரில் ஒருவருமே அதை அறியாதிருந்தால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும் என்பது ஃபர்ளு கிஃபாயாவின் பொருள்.

அபூ காமிலின் பறவைகள்

அல்குவாரிஸ்மீக்கு அடுத்த தலைமுறையில் எகிப்தைச் சார்ந்த அபூ காமில் என்பவர் நாணயக் கணக்குக்கெனத் தனி நூலே எழுதினார். அந்நூலில் வரும் கணக்குகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கையில் 100 திர்ஹம் உண்டு. அதற்குச் சரியாக 100 பறவைகள் வாங்க வேண்டும். முதற் கணக்கில் வாத்து ஒன்று 5 திர்ஹம், சிட்டுக்குருவி 20க்கு ஒரு திர்ஹம், கோழி ஒன்று ஒரு திர்ஹம். விடை ஒன்றே ஒன்று: 19 வாத்து, 80 சிட்டுக்குருவி, ஒரு கோழி. சரிபார்த்துக்கொள்ளுங்கள். 95 திர்ஹமும் 4 திர்ஹமும் ஒரு திர்ஹமும் சேர்ந்து 100.

விலைகளை மாற்றினால் நிலைமை மாறுகிறது. வேறொரு கணக்கில் ஆறு விடைகள் கிடைக்கின்றன. இன்னொன்றில் விடையே இல்லை. ஐவகைப் பறவைகளைக் கொண்ட கணக்கில் 2676 விடைகள் கண்டதாக அவர் எழுதுகிறார். இதைச் சொன்னபோது அவரை அறியாதவர்கள் நம்பவில்லை, ஐயத்தோடு நோக்கினர். அதனாலேயே வழிமுறையை விளக்கி நூல் எழுத முற்பட்டதாக முன்னுரையில் கூறுகிறார். அக்காலத்தில் பலர் இத்தகைய கணக்குக்கு ஏதோ ஒரு விடையைச் சொல்லிவிட்டு அமைந்துவிடுவர். அபூ காமில் அதை ஏற்கவில்லை. ஒன்றென்றால் ஒன்று, பலவென்றால் அத்தனையும், இல்லையென்றால் இல்லை என்று சான்றோடு சொல்வதே அறிஞனின் கடமை என அவர் கருதினார். நாணயக் கணக்கு கற்பிக்கும் நாணயம் இதுவே.

இக்கணக்கு நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுச் சீனாவில் 100 காசுக்கு 100 கோழிகள் வாங்கும் கணக்கு இருந்தது. சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்றுக்கு ஒரு காசு என்பது அதன் விலை. இத்தாலிய வணிகரின் மகன் ஃபிபொனாச்சி வட ஆப்பிரிக்காவின் பிஜாயாத் துறைமுகத்தில் முஸ்லிம்களின் கணக்கு முறையைக் கற்றார். 1202இல் அவர் எழுதிய நூலில் 30 காசுக்கு 30 பறவைகள் வாங்கும் கணக்கு இடம்பெற்றது. அதன் வழியே ஐரோப்பாவும் இதைப் பயின்றது.

பாகூரின் ஒன்பதாம் நூற்றாண்டு

பக்தாதில் அல்குவாரிஸ்மீ எழுதிய அதே ஒன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர்ப்பக்கம் என்ன நடந்தது? பாகூரில் ஓர் உயர்கல்விக் கூடம் இயங்கிற்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள் அக்கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. கிருமாம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கல்விக்காக ஊர்களையே எழுதிவைத்த மண் இது. அதே நூற்றாண்டில் கன்னட நாட்டில் மகாவீரர் என்னும் சமண அறிஞர் கணித நூல் ஒன்றை இயற்றினார். அதிலும் 100 பணத்துக்கு 100 பறவைகள் வருகின்றன.

பின்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரரும் அக்கணக்கைத் தம் பீஜகணிதத்தில் எடுத்தாண்டார். புறா 5க்கு விலை 3, கொக்கு 7க்கு 5, அன்னம் 9க்கு 7, மயில் 3க்கு 9. நூறு காசுக்கு நூறு பறவைகள் வேண்டும். இதற்குப் பல விடைகள் உண்டு. 15 புறா, 28 கொக்கு, 45 அன்னம், 12 மயில் என்பது அவற்றுள் ஒன்று. விலை முறையே 9, 20, 35, 36, ஆக 100. பாஸ்கரர் அக்காசுக்கு இட்ட பெயர் 'திரம்மம்'. அரபியரின் திர்ஹமும் இந்தியரின் திரம்மமும் கிரேக்கரின் திரக்மா என்னும் ஒரே காசுப் பெயரிலிருந்து வந்தவை. மொழியும் மதமும் வேறாயினும் வணிகர் கையில் காசும் கணக்கும் கடல் கடந்து உறவாடியுள்ளன.

தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் பொன், நெல், நிலம் ஆகியவற்றின் கணக்குகளைப் பாடலாகத் தந்தது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். கால், அரைக்கால், மாகாணி என ஒன்றைப் பாதி பாதியாகப் பகுக்கும் பின்னங்கள் அவர்கள் நாவில் புரண்டன. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த செந்தில் பாபு இத்திண்ணைக் கணிதத்தை ஆராய்ந்து நூல் எழுதியுள்ளார். ஓலையில் கிடந்த கணக்குகள் இன்று நம் பகுதியிலேயே ஆய்வுப் பொருளாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

ஒரே பெயர், இரு மதிப்பு

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் வட்டாரத்தில் நாணயக் கணக்கு தெரியாதவர் சந்தைக்குச் செல்வதே கடினம். 1690இல் ஆங்கிலேயர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைப் பெற்றனர். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1736இல் பிரெஞ்சு ஆளுநர் துய்மா ரூபாய் அச்சிடும் உரிமையை முகலாய ஆட்சியிடமிருந்து பெற்றார். அங்கு அச்சான ரூபாயில் முகலாயப் பேரரசரின் பெயர் பாரசீக எழுத்தில் இருந்தது. அச்சுச்சாலையின் அடையாளமாகப் பிறை பொறிக்கப்பட்டது. 1749இல் சந்தா சாஹிப் வில்லியனூர், பாகூர் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கினார்.

இரு ஆட்சிகளிலும் பணம் என்னும் சிறு வெள்ளிக் காசு உண்டு. சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் ஆங்கிலேயர் 100 வராகனுக்கு 350 ரூபாய் என நிர்ணயித்தனர். அதன்படி ஒரு ரூபாய்க்கு 12 பணம். ஆனால் புதுச்சேரிக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 8 பணமே. பெயர் ஒன்று, மதிப்பு இரண்டு! புதுச்சேரியின் 2 பணம் சென்னைக் கணக்கில் 3 பணத்துக்குச் சமமாகிறது. முள்ளோடைப் பக்கம் எல்லையைத் தாண்டிக் கடலூர் சென்று மாடு வாங்கும் ஒருவர், விலை 48 பணம் என்று கேட்டால் எந்தப் பணம் என்று வினவ வேண்டும். கடலூர்ப் பணமானால் 4 ரூபாய், புதுச்சேரிப் பணமானால் 6 ரூபாய். இந்த வேறுபாட்டை அறியாதவரின் மடியிலிருந்து இரண்டு ரூபாய் சத்தமின்றிப் போய்விடும்.

இதற்கு மேல் தேய்ந்த காசுக்கும் வேற்றூர்க் காசுக்கும் வட்டம் பிடித்தனர். காசு மாற்றுவோரைத் தமிழில் சராப்பு என்றனர். 'ஸர்ராஃப்' என்னும் அரபுச் சொல்லின் வடிவமே அது. ஃபிக்ஹு நூல்களில் 'ஸர்ஃப்' என்னும் பாடம் இத்தொழிலைப் பற்றியதே. பொன்னுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் சமமாகவும் கைக்குக் கையாகவும் இருத்தல் வேண்டும். இனம் வேறானால் அளவு வேறுபடலாம், ஆனால் கைமாற்றம் உடனே நிகழ வேண்டும். நபிமொழியின் அடிப்படையிலான இச்சட்டத்தை வாழ்வில் கடைப்பிடிக்க வேண்டுமானால் முதலில் காசுக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அணாவும் பாகப்பிரிவினையும்

பின்னர் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்னும் முறை நிலைபெற்றது. பையைத் தம்பிடி என்றும் நம் பாட்டனார்கள் கூறுவர். ஒரு ரூபாய்க்கு 192 பை. இந்த எண்ணை உற்று நோக்குங்கள். வாரிசுச் சட்டத்தில் எட்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்து வந்தால் ஆலிம்கள் 24ஐ அடிப்படையாக வைத்துப் பங்கிடுவர். 192 என்பது எட்டு இருபத்துநான்குகள்.

ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு இறந்தார் என்க. கடனும் வஸிய்யத்தும் நீங்கிய ஒவ்வொரு ரூபாயிலும் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 2 அணா. தாய்க்கு ஆறில் ஒன்று, அதாவது 2 அணா 8 பை. எஞ்சிய 11 அணா 4 பை மகனுக்கு. கூட்டினால் சரியாக 16 அணா. ஒரு பைகூட உடைபடவில்லை. புதுச்சேரியின் பழைய கணக்கில் ரூபாய்க்கு 8 பணம் என்பதால், பிள்ளைகளுள்ள விதவையின் பங்கு ரூபாய்க்குச் சரியாக ஒரு பணமாக இருந்தது.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய் 100 நயா பைசாக்களாகப் பகுக்கப்பட்டது. 1964இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கிற்று. பத்து பத்தாகப் பெருகும் இம்முறை கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் மிக எளிது, ஐயமில்லை. ஆனால் மேற்கண்ட பங்கீட்டைப் பைசாவில் செய்து பாருங்கள். மனைவிக்கு பன்னிரண்டரைப் பைசா. தாய்க்கு பதினாறு பைசாவும் மூன்றில் இரண்டும். நூறு என்னும் எண் மூன்றால் வகுபடாது. மாற்றத்தின் தொடக்கத்தில் கடைக்காரர்களுக்கும் இதே இடர் இருந்தது. ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 நயா பைசா என அரசு அட்டவணை வெளியிட்டது. துல்லியமாகப் பார்த்தால் ஓர் அணா ஆறேகால் நயா பைசா. இரண்டணாப் பொருளை வாங்கியவருக்கு அரை நயா பைசா இலாபம், மூன்றணாப் பொருளை வாங்கியவருக்குக் கால் நயா பைசா நட்டம்.

இவ்வளவு சிறு தொகையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பங்கிடப்படுவது ஒரு ரூபாய் அன்று, ஒரு வீடாகவோ நிலமாகவோ இருக்கும்போது அந்தப் பின்னமே ஆயிரங்களாக வளர்கிறது. "தோராயமாக இவ்வளவு வைத்துக்கொள்" என்று கூறித் தாயின் பங்கையும் சகோதரியின் பங்கையும் சுருக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இல்லை என்று எவரேனும் சொல்ல முடியுமா? அல்லாஹ் பின்னத்தில் விதித்ததை அடியான் தோராயத்தில் கொடுக்க உரிமை இல்லை. கணக்குத் தெரிந்த பெண்பிள்ளையின் பங்கை எவரும் எளிதில் குறைத்துவிட முடியாது. ஆகவே இக்கல்வி ஆண்பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவையோ அதைவிடப் பெண்பிள்ளைகளுக்குத் தேவை.

உண்டியல் கணக்கைத் தீர்ப்போம்

இனித் தொடக்கத்தில் கூறிய கணக்குக்கு வருவோம். 40 நாணயங்கள், 155 ரூபாய். நாற்பதும் இரண்டு ரூபாய் என்றே முதலில் கொள்வோம். மதிப்பு 80. உண்மையில் 155 இருக்க வேண்டும், ஆகவே 75 குறைகிறது. ஓர் இரண்டு ரூபாயை எடுத்துவிட்டு ஐந்து ரூபாயை வைத்தால் மதிப்பு 3 கூடும். 75ஐ 3ஆல் வகுத்தால் 25. ஐந்து ரூபாய் 25, இரண்டு ரூபாய் 15. சரிபார்ப்பு: 125ம் 30ம் சேர்ந்து 155.

அரபுக் கணித அறிஞர்கள் இன்னொரு வழியையும் கையாண்டனர். அதற்கு 'ஹிஸாபுல் கதஅய்ன்', இரு பிழைகளின் கணக்கு, என்று பெயர். ஐந்து ரூபாய் 10 என ஊகித்தால் மொத்தம் 110, பிழை 45. 20 என ஊகித்தால் மொத்தம் 140, பிழை 15. முதல் ஊகத்தை இரண்டாம் பிழையாலும் (10 × 15 = 150), இரண்டாம் ஊகத்தை முதற் பிழையாலும் (20 × 45 = 900) பெருக்குக. வேறுபாடு 750. இரு பிழைகளின் வேறுபாடு 30. வகுத்தால் 25. அதே விடை! இங்கு இரண்டு பிழையும் குறைவுப் பக்கமே இருப்பதால் கழித்தோம். ஒன்று குறைவாகவும் மற்றது மிகுதியாகவும் இருந்தால் இரண்டிடத்திலும் கூட்ட வேண்டும். தவறாக ஊகிக்க அஞ்சும் பிள்ளைக்கு இது நல்ல மருந்து. ஊகத்தின் பிழையை மறைக்காமல் அளந்து வைத்தால் அதுவே சரியான விடைக்கு வழிகாட்டும்.

இப்போது 10 நாணயங்கள், 36 ரூபாய் என்று மாற்றிக் கேளுங்கள். எல்லாம் இரண்டு ரூபாயானால் 20. குறைவது 16. அது 3ஆல் வகுபடாது. ஆகவே விடை இல்லை. அத்தகைய உண்டியல் இருக்கவே முடியாது. பிள்ளை "இல்லை" என்று துணிந்து கூறினால் அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

மூன்றாவதாக, ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்கள் சேர்ந்து 20, மொத்தம் 50 ரூபாய் எனக் கேளுங்கள். எல்லாம் ஒரு ரூபாயானால் 20, குறைவது 30. ஓர் இரண்டு ரூபாய் ஒன்றைக் கூட்டும், ஓர் ஐந்து ரூபாய் நான்கைக் கூட்டும். ஐந்து ரூபாய் 4 ஆனால் இரண்டு ரூபாய் 14, ஒரு ரூபாய் 2. ஐந்து ரூபாய் 5 ஆனால் 10, 5. ஆறு ஆனால் 6, 8. ஏழு ஆனால் 2, 11. மொத்தம் நான்கு விடைகள். ஐந்து ரூபாய் 3 ஆனால் இரண்டு ரூபாய் 18 தேவைப்படும், நாணயங்களின் எண்ணிக்கை 20ஐத் தாண்டிவிடும். எட்டு ஆனால் 30ஐத் தாண்டிவிடும். ஆகவே ஐந்தாவது விடை இல்லை. ஒரு விடை கிடைத்தவுடன் எழுதுகோலை வைத்துவிடாமல், வேறு உண்டா என்று தேடி, இல்லை என்பதையும் நிறுவுவது அபூ காமிலின் வழி.

இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில், இளமையிலேயே கணக்கில் பயின்றவரிடம் உண்மை பேசும் இயல்பு மேலோங்கும் என்னும் கருத்தைப் பதிவு செய்துள்ளார். கணக்கில் பொய் நிற்காது. எழுதிய விடையைத் திரும்பப் பெருக்கிக் கூட்டினால் பொய் வெளிப்பட்டுவிடும். தன்னைத் தானே சோதிக்கும் இப்பழக்கம் ஏட்டிலிருந்து வாழ்வுக்கு இறங்குமானால் அதைவிடச் சிறந்த தர்பியத் எது?

கடைவீதியில் நம் நாணயம்

இன்று கைப்பேசியில் பணம் கட்டுகிறோம். பிள்ளைகள் காசைத் தொட்டு எண்ணும் வாய்ப்பே குறைந்துவிட்டது. 2011 ஜூன் மாதத்துக்குப் பின் 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் செல்லாதவையாயின. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்னும் வதந்தி நம் பகுதிக் கடைகளிலும் பேருந்துகளிலும் பரவிற்று. அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்தும் வாங்க மறுப்போர் இருக்கின்றனர். செய்தியை ஆராயாமல் பரப்பாதீர்கள் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம், ஏழை நீட்டும் நாணயத்தை ஆராயாமல் தள்ளலாமா? இரண்டு ரூபாய் சில்லறைக்குப் பதில் மிட்டாயைக் கையில் திணிப்பதும் நாம் காண்பதே. வாங்குபவர் மனம் ஒப்பினால் அது வணிகம். ஒப்பாத நிலையில் அவர் உரிமையை நாம் எடுத்துக்கொண்டோம் என்றே பொருள்.

பெற்றோர்களே! வாரம் ஒருமுறை வீட்டு உண்டியலை, ஸதகாவுக்குச் சேர்த்த சில்லறையைப் பிள்ளைகள் முன் கொட்டுங்கள். எண்ணச் சொல்லுங்கள். பத்து ரூபாயை ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்களால் எத்தனை வகையில் கொடுக்கலாம் என்று கேளுங்கள். பத்து வகைகள் உண்டு. ஐந்து ரூபாய் இன்றி ஆறு, ஒன்று வைத்து மூன்று, இரண்டு வைத்து ஒன்று. அவர்களே கண்டுபிடிக்கட்டும். பின்னர் அதே சில்லறையை அவர்கள் கையாலேயே உரியவரிடம் கொடுக்கச் செய்யுங்கள். கணக்கும் தீனும் ஒரே கையில் சேர்ந்திருப்பதை அப்போது அவர்கள் உணர்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

மறுமை நாளில் அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கணக்கில் வரும் என்று நம்பும் நாம், இவ்வுலகக் கணக்கில் அலட்சியமாய் இருத்தல் தகாது. எண்ணும்போது துல்லியத்தையும், கொடுக்கும்போது தாராளத்தையும், பங்கிடும்போது நீதியையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! கணக்குக் கேட்கப்படும் நாளில் நம் கணக்கை எளிதாக்குவானாக! ஆமீன்.